‘உண்டு’ என்று நான் எழுதிய ஊர்

இன்று காலை குடத்தின் மூடியைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. தண்ணீர் லாரி நம் ஊருக்குள்ளேயே வந்து கோயில் முனையில் நிற்கத் தொடங்கி இன்றோடு நான்காவது நாள். பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கடை வாசலிலும் யாரோ இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். டம்ளரில் மொண்டு கையில் வைத்துக்கொண்டிருந்தேன். குடிக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்த ஊருக்கு வேண்டிய மனுக்களையெல்லாம் எழுதிக் கொடுத்தவன் நான். எழுதியே ஆக வேண்டிய இந்த ஒன்றை மட்டும் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டு வந்தேன்.

தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு எண்ணூருக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நம் குப்பத்தில் அதுதான் முதல் மளிகைக் கடை. பள்ளிக்கூடம் அக்கரையில் இருந்தது. படகில் ஏறத் தெரியாமல் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ கையை நீட்டினாய். “உக்காரு அண்ணாச்சி, ஆட்டாத. ஆட்டுனா எல்லாரும் தண்ணிக்குள்ள தான்” என்றாய். உனக்கும் பத்து வயதுதான். என் அப்பாவை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் எனக்கும் அதையே வைத்துவிட்டாய். நாற்பது வருடம் அப்படியேதான் கூப்பிட்டாய்.

எட்டாம் வகுப்போடு நீ கடலுக்குப் போனாய். நான் கல்லூரிக்குப் போய் பி.காம். முடித்தேன். அப்பாவுக்குப் பிறகு கடையில் உட்கார்ந்தேன். கடையில் மேசை இருந்தது, எனக்கு நல்ல கையெழுத்து இருந்தது. அதனால் ஊர் மனுக்கள் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. நீ அரிசி மூட்டைமேல் சாய்ந்துகொண்டு சொல்வாய், நான் எழுதுவேன். உன் தலையில் ஊரின் கதை முழுவதும் இருந்தது. தேதி எதுவும் உனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பிறப்பையும் சாவையும் வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தாய். முதல் கரண்ட் கம்பம் நட்ட அன்று உன் தங்கை பிறந்தாள். கோயில் பக்கத்து நர்ஸ் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டிய வாரம் உன் பாட்டனார் இறந்தார். அந்த நர்ஸ் சில மாதம் வந்தார், பிறகு வரவில்லை. பூட்டு துருப்பிடித்து உடைந்ததும் ஊர்க்காரர்கள் அங்கே வலை போட்டு வைத்தார்கள். சுனாமிக்குப் பிறகு குழாய் போட்டார்கள். கொஞ்ச நாள் தண்ணீர் வந்தது. பிறகு காற்று வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அதற்கெல்லாம் முன்பு நாம் எல்லோரும் குடித்தது ஊற்றுத் தண்ணீர். கடற்கரை மணலைக் கையால் தோண்டினால் இடுப்பளவு ஆழத்தில் இனிக்கும் தண்ணீர். அந்த இடத்தை முதலில் கண்டுபிடித்தது யார் என்று ஒரு பெரிய கதை சொல்வாய். அதில் ஒரு பெண் வருவாள், ஒரு நாய் வரும். சொல்லும்போதெல்லாம் நான் சரக்குப் பட்டியல் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் தண்ணீர் எப்போது உப்பானது, எப்போது எண்ணெய் மிதந்தது என்பதும் உனக்குத் தெரியும்.

நீ சொல்வதை நான் நல்ல தமிழுக்கு மாற்றுவேன். “அடிப்படை வசதிகளின்றி அல்லலுறும் எம் பகுதி மக்கள்” என்று தொடங்குவேன். வாசித்துக் காட்டினால் நீ சிரிப்பாய். “நான் சொன்னது இத்தினியூண்டு. நீ எழுதுனது எம்மாம் பெருசு. ஆபீசரு தூங்கிடுவாரு அண்ணாச்சி.” எனக்குக் கோபம் வரும். உண்மையில் அது ஆபீசருக்காக எழுதியது மட்டும் இல்லை. இந்த ஊரில் இருந்தாலும் நான் இந்த ஊர்க்காரன் இல்லை என்பதற்கான அத்தாட்சி அது. இதை அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

சாலையும் தண்ணீரும் இல்லாத குப்பங்களைப் பட்டியல் எடுக்கிறார்கள், ஒவ்வொரு ஊரிலிருந்தும் விவரம் தெரிந்த ஒருவர் வந்து படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று தகவல் வந்தது. ஊர்க்கூட்டத்தில் என்னை அனுப்பலாம் என்றார்கள். நீ எழுந்து, “நானும் போறேன். அண்ணாச்சிக்கு எழுதத்தான் தெரியும், ஊரு தெரியாது” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சொல் உள்ளே எங்கேயோ போய்த் தைத்திருந்தது.

போக வேண்டிய அன்று உன் படகு தாமதமாகக் கரையேறியது. பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று நீ அப்படியே ஓடி வந்தாய். கட்டியிருந்த லுங்கி, டீசல் கறை படிந்த சட்டை, செருப்பில்லாத கால். முழங்கால் வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் சலவைச் சட்டை போட்டு, பையில் பேனா செருகி நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். நீ ஜன்னலோரம் நகர்ந்து, “வா, தாராளமா கீது” என்று என்னை உட்கார வைத்தாய்.

அலுவலக நடையில் வாட்ச்மேன் உன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

“நீ இங்கயே இருப்பா. உள்ள நான் பேசிக்கறேன்.”

நீ என் முகத்தைப் பார்த்தாய். “ஊத்து கதைய மறக்காம சொல்லு. குழாய்ல தண்ணி வரலன்றத மொதல்ல சொல்லு” என்றாய். பெஞ்சில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். என் மகன் வயதுதான் இருக்கும். நாற்காலி காட்டினார், டீ வரவழைத்தார். நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும், “நீங்க அந்த ஊரா சார்? பாத்தா தெரியலையே” என்றார். என் வீழ்ச்சி அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. அவர் என்னைப் பாராட்டியதாகவே எடுத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் குளிர்ந்தது.

“அங்கெல்லாம் ரொம்ப மோசம்னு சொல்றாங்களே” என்றார்.

“அப்படியெல்லாம் இல்ல சார். நல்ல ஊருதான்” என்றேன்.

என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, நீங்களே எழுதிவிடுங்கள் என்று படிவத்தை என் பக்கம் தள்ளினார். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார்.

“குடிநீர்க் குழாய்?”

“உண்டு.”

“துணை சுகாதார நிலையம்?”

“உண்டு.”

“வாகனம் வந்துபோற பாதை?”

“உண்டு.”

ஒவ்வொரு ‘உண்டு’வையும் அழகாக எழுதினேன். குழாய் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள், தண்ணீர் வருகிறதா என்று கேட்கவில்லையே என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கட்டடம் இருக்கிறது. ஆற்றோரம் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டி நிரவிய தடத்தில் வெயில் காலத்தில் வண்டி வருகிறது. எதுவும் பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். ‘இல்லை’ என்று எழுதினால் அந்த இளைஞர் நிமிர்ந்து, அப்படிப்பட்ட இடத்திலா இருக்கிறீர்கள் என்று என்னைப் பார்த்திருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் எழுதினேன்.

கடைசியில் ஊரின் வரலாறு சுருக்கமாக என்று எட்டு வரி விட்டிருந்தார்கள். ‘பழமையான மீனவக் கிராமம். அமைதியான மக்கள்’ என்று ஒரே வரியில் முடித்தேன்.

எழுந்தபோது அவர் வாசல் பக்கம் பார்த்து, “வெளியே உக்காந்திருக்காரே, உங்ககூட வந்தவரா?” என்று கேட்டார்.

“இல்ல சார். நம்ம கடைக்குக் கருவாடு போடறவரு. இந்தப் பக்கமா வந்திருக்காரு” என்றேன்.

திரும்பி வரும்போது திருவொற்றியூரில் இறங்கி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். உன் டீயை ஆற்றிக்கொண்டே, “எல்லாம் சொல்லிட்டியா?” என்றாய்.

“சொல்லிட்டேன்.”

“தண்ணி வரலன்றத?”

“ம்.”

“ஊத்து?”

“எழுத இடம் கம்மியா இருந்துச்சு.”

“சரி வுடு” என்றாய். மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் நான் திரும்பிப் போயிருக்கலாம். அலுவலகம் அரைமணி நேரத் தொலைவில்தான் இருந்தது, இன்னும் மூடியிருக்க மாட்டார்கள்.

பட்டியல் வந்தபோது பக்கத்துக் குப்பங்களுக்கெல்லாம் சாலையும் குழாயும் ஒதுக்கியிருந்தார்கள். நம் ஊர் பெயர் இல்லை. கோயில் வாசலில் கூட்டம் கூடியது. “இன்னாத்துக்கு உட்டானுங்க நம்மள? நம்ம ஊரு மட்டும் இன்னா சிங்கப்பூரா?” என்று ஒருவன் கத்தினான். எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. அப்போது நீ எழுந்தாய்.

“அண்ணாச்சி எல்லாம் கரீட்டா தான் சொல்லிச்சு. நான் கூடவே இருந்தேன். ஆபீஸ்ல மாத்தி எழுதிகினானுங்க. மறுபடி மனு போடலாம், வுடுங்க.”

உன் பேச்சுக்கு மேல் யாரும் பேசவில்லை. நீ உள்ளே இல்லாததால் நான் சொன்னதை நம்பி அப்படிப் பேசுகிறாய் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்றியது உன் அறியாமை என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன். அதற்குப் பிறகு நான் மறுபடி மனு எழுதவில்லை. எழுதினால் பழைய படிவத்தை எடுத்துப் பார்ப்பார்கள். இன்று, நாளை என்று ஆறு மாதம் கடத்தினேன். நீ ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை.

மழைக்காலம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். படகை மேலே இழுத்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தாய் என்றார்கள். கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தேன். சட்டையெல்லாம் வேர்வை. “நெஞ்சுல யாரோ குந்திகினு கீறா மாதிரி கீது” என்றாய். 108-க்கு நான்தான் போன் செய்தேன். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. மெயின் ரோட்டில் வந்து நின்றுவிட்டது. தடத்தில் முழங்கால் தண்ணீர், அடியில் சாம்பல் சேறு. “பாதை இருக்குன்னு தானேங்க எங்க லிஸ்ட்டுல போட்டிருக்கு” என்றார் டிரைவர் போனில். நான் போனை உன் மைத்துனனிடம் கொடுத்துவிட்டேன்.

மீன் பெட்டி தள்ளும் வண்டியில் உன்னைப் படுக்க வைத்தோம். சேற்றில் சக்கரம் புதைந்தது. பிறகு ஆறு பேர் அப்படியே தூக்கினோம். உன் இடது தோள் பக்கம் நான். கண்ணை மூடியிருந்தாய். பாதி வழியில் திறந்து, “மெதுவா நட அண்ணாச்சி. உனக்கு இந்தச் சேறு பழக்கமில்ல” என்றாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் மைத்துனனிடம், “இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா...” என்று தொடங்கினார். நர்ஸ் கூப்பிடவும் போய்விட்டார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முன்னாடி கொண்டு வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்றும் அவர் சொல்ல நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக விதவிதமாக அதை முடித்துப் பார்க்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன் மனைவி என்னை நிற்கச் சொன்னாள். பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“அன்னிக்கு ஆபீஸ்ல கதவு தொறந்துதான் இருந்துச்சாம் அண்ணாச்சி.”

நான் திண்ணையில் உட்கார்ந்தேன்.

“நீங்க சொன்னதெல்லாம் அவருக்குக் கேட்டுச்சு. வூட்டுக்கு வந்து சொன்னாரு. கருவாடு போடறவருன்னு சொன்னீங்களாமே. அவரு கடலுக்குப் போற மனுசன், ஒரு நாளாச்சும் கருவாடு வித்தாரா? அத்த சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. சிரிச்சுகினே இருந்தாரு, அப்பால பேசவேயில்ல. சோறும் துன்னல.”

“ஏன்மா அவன் ஊர்ல சொல்லல?” என்றேன்.

“நானும் கேட்டேன். ‘ஊரு முன்னாடி சொன்னா அண்ணாச்சி தலை நிமிராது. அப்பால பேனாவத் தொடாது. நமக்கு எழுதிக் குடுக்க வேற யாரு கீறா’ன்னாரு. என்னையும் வாயத் தொறக்கக் கூடாதுன்னாரு. இப்போ அவரு இல்ல. அதான் சொல்றேன்.”

அவள் அழவில்லை, திட்டவில்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நீ கோயில் வாசலில் எழுந்து நின்றபோது எல்லாம் தெரிந்தே பொய் சொன்னாய் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டீக்கடையில் நீ கேட்ட மூன்று கேள்விகளும் புரிந்தன. உனக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொண்டு ஆறு மாதம் உன் எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆறு மாதத்தை நினைக்கும்போது, அலுவலகத்தில் நடந்த பத்து நிமிடம்கூடச் சின்னதாகத் தெரிகிறது.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். நீ எனக்காகச் சொன்ன பொய்யையும் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஏன் அண்ணாச்சி?” என்று மட்டும் ஒருவர் கேட்டார்.

“வெட்கமா இருந்துச்சு” என்றேன்.

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து உன் பெரிய மகள் எழுந்தாள். “இன்னாத்துக்கு மாமா வெட்கம்? எங்ககூட இருக்கறதுக்கா?”

அவளுக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா. “ஆமாம்மா” என்றேன்.

சில வாரம் கடைக்கு ஆள் வரவில்லை. சிலர் ரொம்ப தூரம் நடந்து போய் உப்பும் பருப்பும் வாங்கி வந்தார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. பிறகு ஒரு காலை உன் மகள் வந்து மேசைமேல் வெள்ளைத் தாளை வைத்தாள். “திருத்தி எழுதுங்க. நானும் கூட வரேன். நான் சொல்றத மட்டும் எழுதுங்க” என்றாள்.

அலுவலகத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதிகாரி மாறியிருந்தார். பழைய படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது யார் எழுத்து?” என்றார். “என்னுடையது. தவறாக எழுதினேன்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எந்தப் பார்வைக்குப் பயந்தேனோ, அதைவிட இது நூறு மடங்கு. உன் மகள் அதைக் கவனிக்காதவள்போல, “குழாய் கீது சார், தண்ணி வரல. பாதையில சேறு தான் கீது. எங்கப்பாவ அதுல தான் தூக்கிகினு வந்தாங்க” என்று தொடங்கினாள். எழுதியவன் நான். ஒரு சொல்லையும் நல்ல தமிழுக்கு மாற்றவில்லை.

வரலாறு என்ற இடம் வந்தபோது ஊற்றுக் கதையைக் கேட்டாள். “உங்ககிட்ட தானே எப்பவும் சொல்லிகினு இருப்பாரு” என்றாள். எனக்கு அந்தப் பெண்ணும் நாயும் மட்டும்தான் நினைவில் இருந்தார்கள். அவள் யார், எந்தக் குடும்பம், நாய் எதற்கு வந்தது, எதுவும் தெரியவில்லை. உன் தலைமுறையில் வேறு சிலரைக் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். நாற்பது வருடம் என் காதருகே சொல்லப்பட்ட ஒன்றை நான் ஒரு முறையும் கேட்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் கொடுத்தோம்.

ஒரு வருடம் அலைந்தோம். தடத்தில் ஜல்லி கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள், தார் இன்னும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு நர்ஸ் வருகிறார். லாரி வருகிறது. இப்போதெல்லாம் ஊர் என்னிடம் பழையபடி பேசுகிறது. வழியில் பார்த்தால், “இன்னா அண்ணாச்சி, சாப்டியா” என்கிறார்கள். மறந்துவிட்டார்களா, மன்னித்துவிட்டார்களா என்று நான் கேட்டதில்லை. நான் கேட்க வேண்டியது உன்னிடம். நீ என் தலை தாழக் கூடாது என்று நினைத்தாய். தாழ்ந்துதான் இருக்கிறது. அப்படி இருப்பதுதான் சரி. ஆனால் பேனாவைத் தொடமாட்டேன் என்று நீ பயந்தாயே, அது நடக்கவில்லை. யார் வந்தாலும் எழுதுகிறேன். அவர்கள் வாயிலிருந்து வருவது எப்படியோ அப்படியே.

நேற்று உன் மனைவி கடைக்கு வந்தாள். ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் உறையோடு மேசைமேல் வைத்தாள். இத்தனை நாள் விட்டுவிட்டாளாம், இனி நீக்கியே ஆக வேண்டுமாம். “அவரு பேர எடுக்கணும்றாங்க. எழுதிக் குடுங்க” என்றாள்.

எழுதினேன். ஐந்தே வரிதான். முடித்ததும், “படிங்க” என்றாள். படித்துக்கொண்டே வந்தேன். உன் பெயர் வந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“படிங்க அண்ணாச்சி” என்றாள்.

படித்தேன்.